சேர்வராயன் மலையாளிகள்: நிலத்தோடு மாறிய ஒரு வாழ்க்கைமுறை

சேலத்தில் ஒரு மொட்டைமாடியில் ஏறி வடக்கே திரும்பினால் கண்ணை நிறைத்து நிற்பது சேர்வராயன் மலை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கே ஏரி, படகு, காட்சிமுனைகள், மே மாதத்துக் கோடை விழா, மலர்க் கண்காட்சி. பெரும்பாலோர் அறிந்த ஏற்காடு இவ்வளவுதான். ஆனால் நகரத்தை விட்டு நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை, வேலூர் என்று உள்ளே பிரியும் சாலைகளில் போனால், அந்த மலையின் பெரும்பான்மைக் குடிகளான மலையாளி மக்களின் ஊர்கள் தொடங்குகின்றன. அவர்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். நாகரிகம் தீண்டாத மலைமக்கள் என்னும் வியப்பு ஒன்று. மரபு அழிகிறதே என்னும் புலம்பல் மற்றொன்று. அந்த வாழ்க்கைமுறை எதன்மேல் நின்றது என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. அது நிலத்தின்மேல் நின்றது. நிலம் யார் கையில், எந்தப் பயிருக்கு, எந்தச் சட்டத்தின்கீழ் இருந்ததோ அதற்கேற்ப உணவும் உழைப்பும் ஊர்க்கூட்டமும் மாறின. ஒரே குடி சேர்வராயனில் ஒருவிதமாகவும் கொல்லிமலையில் வேறுவிதமாகவும் கல்வராயனில் இன்னொருவிதமாகவும் மாறியிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மலையாளி என்றதும் கேரளத்தை நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ், வேறு தாய்மொழி கிடையாது. ஆண்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதி நெடுகப் பரவியிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் 3,57,980 பேர் மலையாளிகள். நூற்றுக்கு 45 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பழங்குடி என்றாலே நீலகிரியை நோக்கித் திரும்பிவிடும் மாநிலம் இது என்பதால், இந்தக் கணக்கு பலருக்குப் புதிதாகவே இருக்கும்.

தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்று மலையாளிகள் சொல்லும் கதை மலைக்கு மலை சிறிது மாறினாலும் அதன் நடு உரு ஒன்றுதான். வேளாளர் குடியைச் சேர்ந்த மூன்று அண்ணன் தம்பிகள் காரிராமன் என்னும் தங்கள் தெய்வத்தோடு காஞ்சியை விட்டுப் புறப்பட்டார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்கள். சேர்வராயன் மலைக்காரர்களைப் பெரிய மலையாளி என்றும் கொல்லிமலைக்காரர்களைச் சின்ன மலையாளி என்றும் சொல்வது இந்தக் கதையை ஒட்டியே. 1909இல் வெளியான தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்ததோடு, இவர்கள் ஆதிமுதல் மலையிலேயே வாழ்ந்த இனமல்லர், கீழே இருந்து மேலேறிய தமிழ் உழவர்கள் என்ற கருத்தையும் முன்வைத்தார். கதை எந்த நூற்றாண்டைக் குறிக்கிறது என்று தேடுவதைவிட, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. தொலைவில் கிடக்கும் மூன்று மலைகளைப் பங்காளி முறைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு மலைக்கும் ஓர் உரிமையாளரை அது வைத்துவிடுகிறது. பட்டா இல்லாத காலத்துப் பாகப்பத்திரம் என்றே அதைச் சொல்லலாம்.

அவர்கள் வருவதற்கு முன்பும் மலை வெறுமையாக இருக்கவில்லை. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தின் வழவழப்பான கல்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கண்டெடுத்தவற்றை மரத்தடிச் சாமிகளின் முன்னால் கொண்டுபோய் வைத்து வணங்கும் பழக்கமும் பதிவாகியிருக்கிறது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டை 1842இல் மதராஸ் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் ஒரு வரி இருக்கும். மன்றோ 1827ஆம் ஆண்டே காலராவில் இறந்துவிட்டார். அது கிடக்கட்டும், கல்கோடரிக் காலம் முதல் ஆள் நடமாட்டம் இருந்த மலையை யார் வந்து கண்டுபிடிப்பது?

மலையாளி வேளாண்மையில் நிலம் இரண்டு வகை. மாடு கட்டி ஏர் ஓட்டும் அளவுக்குச் சமமான பரப்பு உழவுக்காடு. ஏர் போக முடியாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. கொத்துக்காட்டில் புதரை வெட்டிக் காயவிட்டு, தீயிட்டு, அந்தச் சாம்பல் மண்ணில் சில ஆண்டுகள் விதைத்துவிட்டு, பிறகு அதை ஆறப்போட்டு வேறு சரிவுக்குப் போவார்கள். ஓடைக்கரைப் பள்ளங்களில் கொஞ்சம் நெல்லும் உண்டு. ஆனாலும் மலையின் உணவு சாமையும் கேழ்வரகும்தான். தினை, பனிவரகு, சோளம் அடுத்த வரிசையில் வரும். இவற்றைத் தனித்தனியாக விதைப்பதில்லை. கேழ்வரகுக்கு நடுவே அவரையும் துவரையும், ஓரத்தில் கடுகும் என்று ஒரே காட்டில் ஐந்தாறு பயிர் நிற்கும். ஒன்று மழை தவறிக் கெட்டாலும் மற்றொன்று வீட்டுக்கு வரும் என்ற கணக்கு அது. சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைப்பதால், முதல் மழையில் சாமையை முடித்து, அடுத்த மழையில் பயறு வகைகளை எடுத்துவிட முடிந்தது. அறுத்த தானியத்தை மூங்கிலால் பின்னிச் சாணமும் மண்ணும் மெழுகிய தொம்பையில் கொட்டி மூடிவிடுவார்கள். விதைக்கு எடுத்து வைப்பது பெண்கள் பொறுப்பு. நல்ல கதிரை நின்ற இடத்திலேயே பார்த்து ஒதுக்கி, சாம்பல் கலந்து தனியே கட்டி வைப்பார்கள். விதையில்லாத வீட்டுக்குக் கொடுத்தால் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திரும்பி வரும்; பணம் புழங்காது.

இந்த உணவுமுறையின் கடினமான இடம் உரல். சாமை மணி கடுகைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதன் உமி நெல்லுமியைப் போல எளிதில் விலகாது. உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் மணி உடைந்து நொய்யாகும், மெல்லக் குத்தினால் உமி அப்படியே இருக்கும். ஒரு சுற்று குத்தியதும் முறத்தில் அள்ளிப் புடைத்து, உமி நீங்காத மணிகளை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கி, திரும்ப உரலில் போட்டு, திரும்பப் புடைத்து, கடைசியில் தண்ணீரில் அரித்துக் கல் நீக்கினால்தான் அடுப்புக்குப் போகும் அரிசி கிடைக்கும். ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோற்றுக்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது அடங்கியிருந்தது. கேழ்வரகு இந்த வகையில் எளியது. திருகையில் அரைத்தால் களிக்கு மாவு தயார். சிறுதானியத்தின் சத்தைப் பற்றி இப்போது பேசப்படும் அளவுக்கு இந்த உழைப்பைப் பற்றிப் பேசப்படுவதில்லை. ஆனால் சாமை ஏன் மலையை விட்டுப் போயிற்று என்பதற்கு விடை பாதி இங்கேதான் இருக்கிறது.

காட்டிலிருந்து வந்தவற்றில் தேன், நெல்லி, புளி, கடுக்காய், சீகைக்காய், கிழங்கு வகைகள் எல்லாம் உண்டு. கடுக்காய் தோல் பதனிடப் போனது. பஞ்ச காலத்தில் கைகொடுத்தவை வள்ளி, கவலை போன்ற காட்டுக் கிழங்குகள். இன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த ஒரே மலைக் கிழங்கு முடவாட்டுக்கால். உண்மையில் அது மண்ணுக்குள் விளையும் கிழங்கன்று. மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. ஆட்டுக்காலைப் போலப் பழுப்பு மயிர் போர்த்திருக்கும். அந்த மயிரைச் சுரண்டித் தோல் சீவி, உள்ளே இருக்கும் பச்சை வெள்ளைச் சதையை நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சாறு வைப்பார்கள். மூட்டுவலிக்கு மலையில் வழங்கிய வீட்டு மருந்து அது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சாலையோரக் கடைகளில் டம்ளர் கணக்கில் சூப்பாக விற்கப்படுகிறது. வீட்டுத் தேவைக்கு ஒடித்து வந்ததும், கடைக்குச் சாக்கில் கட்டி வருவதும் ஒரே அளவல்ல என்பது கொண்டுவருபவர்களுக்கே தெரியும்.

நிலத்தைப் பிரிப்பதும் வழக்கைத் தீர்ப்பதும் நாட்டு முறையில் நடந்தன. சேர்வராயன் மலை சேலநாடு, மொகநாடு, மூட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு மூப்பர் என்று பரம்பரைப் பொறுப்புகள் இருந்தன. எந்தச் சரிவை எந்த வீடு இந்த ஆண்டு கொத்துவது, எப்போது தீ வைப்பது, மேய்ச்சல் எங்கே, திருவிழா எந்த நாளில் என்பவை ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். திருமணத்தில் வரதட்சணை இல்லை. மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரியம் கொடுத்தது, அதுவும் பெரும்பாலும் தானியமாக. மணவிலக்கும் மறுமணமும் கூட்டத்தின் முன் நடந்தேறின. கைம்பெண் மறுமணத்துக்குத் தடை இல்லை. இதைக் கொண்டு மலைச் சமூகத்தைப் பெண்ணுரிமைப் பூமியாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. அந்தச் சித்திரம் முழுமையானதன்று. கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்களே. மனைவி வேறொருவரோடு வாழப் போனாலும் பிள்ளைகள் முதல் கணவனுக்கே உரியவர்கள் என்பது பதிவான வழக்கம். கூட்டத்தின் சொல்லை மீறியவர்களுக்கு அபராதமும் ஊர்விலக்கும் கிடைத்தன. பரியம் கொடுத்தார்கள் என்பதற்குப் பொருள், பெண்ணின் உழைப்புக்கு விலை இருந்தது என்பதே. கொத்துக்காட்டில் களையெடுப்பும் அறுப்பும் உரலும் அவள் கையில் இருந்த ஒரு பொருளாதாரத்தில் அந்த உழைப்பு ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவது பெரிய இழப்பு. நிலம் மாறி அந்த உழைப்பின் இடம் சுருங்கும்போது பரியம் தேய்ந்து கீழ்நாட்டுச் சீர்வரிசை ஏறிவருவது இதனால்தான் என்பது என் கருத்து.

தெய்வங்களில் தலைமை சேர்வராயனுக்கு. மலையின் உச்சி மேட்டில், 1,600 மீட்டருக்கு மேல், தாழ்ந்த குகைக்குள் குனிந்து நுழைந்தால் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். இந்தக் குகை காவிரி வரை நீள்வதாக நம்பிக்கை. சேர்வராயனைப் பெருமாளாகக் கொண்டு நெற்றியில் நாமம் இடுவோர் உண்டு. அதே வீட்டில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டும் உண்டு. இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்கள் எல்லாம் அங்கே திரளும். பொங்கலுக்கு எருதாட்டம். சாமிக்கென ஒதுக்கப்பட்ட சோலைகளில் மரம் வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு, ஊற்றுகளைக் காத்த ஏற்பாடாகவும் வேலை செய்தது.

இந்த ஏற்பாட்டுக்குள் காப்பி வந்தது 1820களில். சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியர் தோட்டங்கள் மலையின் நல்ல மண்ணைப் பிடித்தன. அராபிகா காப்பிக்கு ஏற்ற உயரமும் குளிரும் மழையும் சேர்வராயனுக்கு இருந்தன. கல்வராயனில் பெரும்பகுதிக்கு அவ்வளவு உயரம் இல்லை. இரண்டு மலைகளின் தலையெழுத்தும் அங்கேயே பிரிந்துவிட்டது. காப்பி நீண்டகாலப் பயிர். ஒருமுறை நட்டால் அந்த நிலம் பல பத்தாண்டுகளுக்கு வேறெதற்கும் திரும்பாது. ஆறப்போட்டுச் சுழலும் கொத்துக்காட்டு முறைக்கு நேர் எதிரான ஒரு பயிர் அது. ஆறப்போட்ட சரிவு ஊர்க்காரர் கண்ணுக்கு நாளைய வயல். நில அளவையாளர் கண்ணுக்கு யாருக்கும் உரிமையில்லாத தரிசு. அந்தத் தரிசுதான் தோட்டங்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. எஞ்சிய காட்டை 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் எடுத்துக்கொண்டது. காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடத்தில் தீ வைப்பதும் கொத்துவதும் அனுமதியின்றி மேய்ப்பதும் குற்றமாயின. ஒரு பக்கம் தோட்டத்து வேலி, மறுபக்கம் வன எல்லைக் கல். இடையில் ஊரைச் சுற்றி எஞ்சிய நிலத்திலேயே ஆண்டுதோறும் விதைத்தாக வேண்டிய நிலையில், மண் ஆற நேரமில்லாமல் விளைச்சல் குன்றியது. கொத்துக்காட்டு முறை மண்ணைக் கெடுத்தது என்று பிற்காலத்தில் எழுதியவர்கள், அது சுழல்வதற்கு இடமில்லாமல் போன பிறகு நடந்ததைத்தான் பார்த்து எழுதினார்கள்.

தொடக்கத் தோட்டங்களுக்குக் கீழ்நாட்டிலிருந்து கூலியாட்கள் ஏற்றிவரப்பட்டார்கள். சொந்தக் காடு இருந்தவரை மலையாளிகள் நிரந்தரக் கூலிக்குப் பெரிதாக நாட்டம் காட்டவில்லை. நிலம் சுருங்கியபின் நிலை மாறியது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. கேழ்வரகும் பயறு வகைகளும் அறுப்புக்கும் களத்துக்கும் வருவதும் ஏறக்குறைய அதே நாட்களில். கூலி கையில் ரொக்கமாக வரும்போது சொந்தக் களத்து வேலை பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பு. இந்தக் கால மோதலை யாரும் திட்டமிடவில்லை என்றாலும், அதன் விளைவு திட்டமிட்டது போலவே அமைந்தது. இன்னொரு மாற்றம் மலையாளிகள் தாங்களே செய்தது. தோட்டத்தில் கற்ற வேலையைத் தங்கள் துண்டு நிலங்களில் செய்யத் தொடங்கினார்கள். இன்று மலையூர்களில் வீட்டை ஒட்டி நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் படர்ந்த மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி என்ற அடுக்கு சாதாரணக் காட்சி. வாசலில் காய்வதும் சாமைக் கதிரன்று, காப்பிப் பழமும் மிளகுமே. இதை மரபின் வீழ்ச்சி என்று மட்டும் எழுதுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கொஞ்ச நிலத்தில் எது பணம் தரும் என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. ஒரே காட்டில் பல பயிர் வைக்கும் பழைய பழக்கமும் அந்த அடுக்கில் தொடர்கிறது.

கொல்லிமலையில் அதே மக்களுக்கு வந்தது மரவள்ளி. 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் மலை அது. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டபின் மரவள்ளிக் கிழங்குக்கு உறுதியான சந்தை கிடைத்தது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் கிழங்கு லாரிகள் இறங்கத் தொடங்கின. உணவுக்கான சாமைக்காடு ஆலைக்கான மரவள்ளிக்காடாக மாறியது. சாமையில் மட்டும் பல நாட்டு வகைகளை வைத்திருந்த மலை அது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியைச் செய்தபோது, ஊரில் உமி நீக்கும் இயந்திரம் வைப்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதியாயிற்று. உரலின் பாரத்தைக் குறைக்காமல் விதையை மட்டும் காக்க முடியாது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கல்வராயனில் காப்பியும் இல்லை, அந்த அளவுக்கு ஆலைச் சந்தையும் இல்லை. மலை, பரம்பரை நில உரிமை பெற்றிருந்த ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976இல்தான். அதனால் பழைய வேளாண்மை அங்கே அதிக காலம் நீடித்தது. வறுமையும் அதிக காலம் நீடித்தது. இப்போது அங்கிருந்து இளைஞர்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். மரபு எங்கே நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு அந்த ஊர்களுக்குப் போகிறவர்கள், அந்தப் பாதுகாப்புக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

மூன்று மலைகளுக்கும் பொதுவாக வந்தது ரேஷன் அரிசி. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அது கிடைத்தது. காலையெல்லாம் உரலில் நின்று பெற வேண்டிய சோறு, கடையிலிருந்து வெள்ளையாக, உமியும் கல்லும் இல்லாமல் வந்தபோது பெண்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ரேஷன் அரிசி சிறுதானியத்தைக் கொன்றது என்று நகரத்து மேடைகளில் சொல்வது எளிது. பஞ்சமாதங்களில் காட்டுக் கிழங்கை நம்பியிருந்த வீடுகளில் அது பசியைத் தீர்த்தது என்பதும் அதே அளவு உண்மை. நிலம் ஏற்கெனவே கையை விட்டுப் போயிருந்த இடத்தில் அந்த அரிசி வந்தது என்ற வரிசை முக்கியம். அரிசி வந்ததால் நிலம் போகவில்லை.

வனத்துறைக்கும் மலை மக்களுக்கும் இடையே உருவான உறவு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி சான்று. தருமபுரி மாவட்டத்து மலையாளி ஊரான அங்கே, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சேர்வராயனிலும் சந்தனம் இருந்தது. வன எல்லை இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன் விறகு பொறுக்கிய இடத்தில் நிற்பவனைத் திருடனாகப் பார்க்கும் பார்வை எல்லா மலைகளிலும் பொதுவானதே.

விடுதலைக்குப் பின் வந்த பழங்குடிப் பட்டியல் இந்த மக்களுக்கு ஒரு காப்பைத் தந்தது, ஒரு விந்தையான எல்லையோடு. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் மலையாளிகளே பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகள் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததால், அங்கே வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. பெண் கொடுத்து எடுக்கும் உறவுக்குள்ளேயே ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இடஒதுக்கீடு உண்டு, மற்ற வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. பழங்குடி என்பதற்கு 1965இல் லோகூர் குழு வகுத்த அடையாளங்கள், அதாவது தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்பவை, இன்றும் பேச்சில் பயன்படுகின்றன. காஞ்சியிலிருந்து வந்தோம் என்று தாங்களே சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும், கவுண்டர் என்று பெயர் வைத்துக்கொள்ளும் ஒரு குடி இந்த அளவுகோலை எப்படி நிறைவு செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அளவுகோல்தான் பிழை என்பது என் எண்ணம். கூச்சத்தைக் கொண்டு ஒரு மக்களை அளப்பதைவிட, அவர்கள் நிலத்தை எந்த வழியில் இழந்தார்கள் என்று பார்ப்பது நேர்மையானது. தமிழக சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் மலையாளி மலைகளை மையமாகக் கொண்டவை. ஏற்காடு தொகுதியில் வாழப்பாடி போன்ற கீழ்நாட்டு ஊர்களும் சேர்ந்திருப்பதால் தேர்தல் பேச்சில் மலையின் குரல் பல நேரம் அடங்கிப்போகிறது.

நிலப் பாதுகாப்பில்தான் பெரிய ஓட்டை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு நிலத்தின் மீது அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. தங்கும் விடுதிக்கும் வார இறுதி வீட்டுக்கும் மலை நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் ஏற்காட்டில் இதன் பொருள் எளிது: கடன்பட்ட வீட்டுக்காரர் காப்பித் துண்டை விற்க முன்வந்தால் வாங்கக் கீழே ஆள் தயாராக இருக்கிறார். பட்டா உள்ளவர்களுக்கு லேம்ப் எனப்படும் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும், காப்பி மிளகு விற்க வழியும் உண்டு. வன எல்லையை ஒட்டிக் காடு வைத்திருப்பவர்களுக்குப் பட்டாவும் இல்லை, கடனும் இல்லை.

இவர்களுக்காகவே வந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தரவும், மேய்ச்சலும் சிறுவன விளைபொருளும் போன்ற ஊர்ப்பொது உரிமைகளை ஏற்கவும் அது வழிசெய்தது. தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்கும் வேலை, தன் அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் இட்ட இடைக்கால உத்தரவினால் தேங்கி நின்றது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தத் தடையை விலக்கிய பின்னரே நகர்ந்தது. உரிமை கோருவோர் கிராம சபையின் முன் வைக்க வேண்டிய சான்றுகளை அந்தச் சட்டத்தின் விதிகள் பட்டியலிடுகின்றன. அரசு ஆவணங்களோடு, கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற நிலத்துத் தடயங்களும், ஊர் முதியவர்கள் சொல்லி எழுத்தில் எடுத்த வாக்குமூலமும் அவற்றில் அடங்கும். எந்தச் சரிவு எந்த வீட்டுக் கொத்துக்காடு, எந்தக் கல் எந்த ஊருக்கு எல்லை, எந்தச் சோலை எந்தச் சாமிக்கு என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் நினைவில் இருப்பது சட்டத்தின் முன் செல்லும் சான்று. பட்டக்காரர் முறை பெரும்பாலும் திருவிழாவோடு நின்றுவிட்ட ஊர்களில், அதைக் கேட்டு எழுதி, வரைபடம் போட்டு, கிராம சபையில் தீர்மானமாக ஏற்றும் பொறுப்பு வன உரிமைக் குழுக்களின் மேல் விழுந்திருக்கிறது.